அருண்மொழி என்னுந் திருப்பெயர்

தமிழ் மக்கள் தம் ஆண்மகார்க்கு இட்டு வழங்கும் பெயர்களுள் அருண்மொழி என்பது ஒன்று. அருள் என்பதும் மொழி என்பதும் புணர்ந்துழி ளகரம் ணகரமாய்த் திரிய அமைந்தது இச்சொல். அருள் நிறைந்த மொழியினையுடையான் என்பது இதன் பொருள். இப்பெயர் பூண்டாருள் வரலாற்றிற் சிறந்தார் இருவர். ஒருவர் முடிமன்னர், மற்றொருவர் செந்தமிழ்ப் புலவர்.

முன்னவர், 985 முதல் 1014 வரை சோணாடு புரந்த முதலாம் இராசராசர். இராசராசர் என்பது முடிசூடியபின் வந்த பெயர். இளமைப் பெயரைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி அருண்மொழிவர்மன் எனக் கூறும். தமிழ்க் கல்வெட்டுக்களோ அருமொழி என்றே வழங்கும். அருமொழிதேவ வளநாடு என்னும் நாட்டுப் பெயரும் இதற்குச் சான்று. அதுபற்றி, அரிய மொழி எனப் பொருள் கொள்வாரும் உளர். இம்மன்னர் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரை அமர்த்தி, அவர்க்கு நாடோறும் நெல்லும் வகுத்தனர். தில்லையில் மறைந்துகிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியைக் கொண்டு வெளிப்படுத்திய வேந்தர் இவரே என்பது பலர் கொள்கை.

பின்னவர், தொண்டைநாட்டுக் குன்றத்தூரிலே சேக்கிழார் குடியில் தோன்றிய அருண்மொழித்தேவர். இவர் தம்பியார் பாலறாவாயர். அநபாய சோழர்க்கு அமைச்சராய் உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்ற இவர், தில்லையிலிருந்து திருத்தொண்டர் புராணம் பாடியருளினார். அநபாயர், 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கர் என்பர். அப்புராணமே பன்னிரண்டாந் திருமுறையாயிற்று.

ஈண்டு நினையற்பாலது ஒன்றுண்டு. மன்னர் பெயரைப் பட்டப்பெயர் மறைத்தது; புலவர் பெயரைக் குடிப்பெயர் மறைத்தது. எனினும், திருமுறையைத் தொகுப்பித்தாராகப் போற்றப்படுவார்க்கும், அதனை நிறைவாக்கினார்க்கும் பிள்ளைப் பெயர் ஒன்றாயமைந்தது. இருவர் செய்தியையும் முறையே கூறும் திருமுறைகண்ட புராணமும் சேக்கிழார் புராணமும் உமாபதி சிவாசாரியார் வாக்கென வழங்குதலும் கருதத்தக்கது.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் நெடுங்கதையால் மன்னரது இளமைப் பெயர் மீண்டும் வீடுதோறும் விளங்கலாயிற்று. அது மகிழ்தற்குரியதே. ஆயினும், மகவுக்கு இப்பெயரிடுஞ் சைவர் வாள்வென்றி ஒன்றனையே எண்ணி அமைதல் போதாது. அடியார் பெருமையைத் தமிழ் உள்ளளவும் நிற்கச் செய்த குன்றத்தூர்ப் பெருமானும் இப்பெயரினரே என்று அம்மகவுக்கு உணர்த்துதல் பெற்றோர் கடனாம். அருண்மொழி என்னும் பெயரின் பொருள் முற்றும் விளங்கியது அவர் திருவாக்கிலேயன்றோ!

திருச்சிற்றம்பலம்.