வாய்பாடு போன்ற சிறுநிரல்கள்



வாய்பாட்டை மனனம் செய்த மாணவன் 7 × 8 எத்தனை என்று ஒவ்வொரு முறையும் விரல்விட்டுக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒருமுறை கற்றதை வாழ்நாள் முழுவதும் எடுத்தாள்கிறான். கணினியிலும் இத்தகைய வாய்பாடுகள் உண்டு. அன்றாடப் பணி ஒன்றுக்காக ஒருமுறை எழுதி, வேண்டும்போதெல்லாம் பயன்படுத்தும் சிறுநிரல்களே அவை. அவை தமிழுக்கு ஆற்றிய தொண்டை இங்கே பதிவு செய்ய விழைகின்றேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி 1949 மே 6-இல் முதன்முதலாக இயங்கியது. அதற்கு நிரல் எழுதியோர், வர்க்கமூலம் காண்பது போன்ற பணிகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதி, ஒவ்வொருவரும் பிழை செய்வதைக் கண்டனர். எனவே, சரிபார்க்கப்பட்ட சிறுநிரல்களைத் துளையிட்ட தாள்நாடாக்களில் பதித்து, நூலகம்போல் சேமித்தனர். 1951-இல் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அவ்வாண்டு வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது.

இனி, நம் கதைக்கு வருவோம். 1980-களில் நம் நாட்டின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். தமிழ்த் தட்டச்சு நம் மேசைக்கு வந்தது. ஆயினும், அக்காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. அதனைச் சீராக்க 1990-களின் இறுதியில் தஸ்கி குறியீடு உருவானது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது. 1991-லேயே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறி, பின்னர் படிப்படியாகப் பரவியது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது.

இம்மாற்றத்தின் இடையே சிக்கிக்கொண்டவை நம் பழைய கோப்புகள். 2021-இல் நிறுத்தப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நான் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்த பயிற்சித்தாள்கள், புதிய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. இரவு கண்விழித்துச் செய்த உழைப்பு வீணாயிற்றே என்று கலங்கினேன். போர்ட் கிள்ளானில் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர், குறியீடு மாற்றும் சிறுநிரல் ஒன்றை எழுதித் தந்தார்.

முதல் முயற்சி தவறியது. 'கொ' என்னும் எழுத்தைத் தஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைக்கும்: ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால். ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியைப் பின்னே சேர்க்கும். மாணவரின் நிரல் கொம்பையும் ககரத்தையும் கண்டவுடனே 'கெ' என மாற்றிவிட்டது. துணைக்கால் அநாதையாக நின்றது. மூன்று குறி கொண்டவற்றை முதலிலும், இரண்டு குறி கொண்டவற்றைப் பிறகும் மாற்றுமாறு வரிசையைத் திருத்தியதும் கோப்புகள் உயிர்பெற்றன. கையால் மீண்டும் தட்டச்சு செய்திருந்தால் எத்தனை பள்ளி விடுமுறைகள் கழிந்திருக்குமோ!

மற்றொரு காட்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? முதலாம் ஆண்டு மாணவரும் 3 என்பார். கணினியோ 5 என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று தனித்தனியே எண்ணுவதே காரணம். 'குறியோ புள்ளியோ வந்தால் முன்னுள்ள எழுத்தோடு சேர்' என்னும் சில வரி நிரல் இக்குறையை நீக்கும். முத்து அண்ணாமலை முதலியோர் பைத்தான் மொழியில் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பில் இதற்கான துணைநிரல் உள்ளது. எவரும் விலையின்றி எடுத்தாளலாம்.

இவ்விரு நிரல்களிலும் உண்மையில் பொதிந்திருப்பது இலக்கணமே. உயிர்மெய் ஓரெழுத்து என்று அறியாதவர் எவ்வளவு பெரிய நிரலாளராயினும் தமிழை எண்ணவும் மாற்றவும் இடறுவார். அந்த அறிவை வகுப்பறையில் ஊட்டுபவர்கள் நாம்.

ஆகவே ஆசிரியர்களே, பழைய கோப்புகளை அழித்துவிடாதீர்கள். ஒருங்குறிக்கு மாற்றிக் காத்திடுங்கள். பெற்றோர்களே, நிரல் எழுதப் பழகும் உங்கள் பிள்ளைக்குத் தமிழெழுத்தை எண்ணும் நிரலை முதற்பயிற்சியாகக் கொடுங்கள். எழுதியதைப் பிறரோடு பகிரவும் சொல்லுங்கள். ஒருவர் எழுதிய வாய்பாடு ஊருக்கே பயன்படட்டும்.