மாங்கேணிக் கரையோரமும் கிருபையின் வாசலும்

1814ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி இலங்கை வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிமாருள் ஒருவர் வில்லியம் ஓல்ட் ஐயர். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்து, உற்றார் எவருமின்றித் தனியே மட்டக்களப்பை அடைந்தார். தமிழ் கற்றார், பாடசாலைகளைத் தொடங்கினார், ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயுற்று மறைந்தார். அவரை நம்பித் தம் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இவ்வூர்ப் பெற்றோர். ஆகவே எமது மண்ணில் மெதடிஸ்த திருச்சபை முதலில் விருந்தாளியாகவே இருந்தது, விருந்தளித்தவர்கள் மற்றவர்கள்.

ஒரு தலைமுறைக்குள் நிலைமை மாறியது. வாழைச்சேனைக்கு வடக்கே மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரைப் பக்கங்களில் கரையோர வேடர் வாழ்கின்றனர். மீனவருக்கு உதவியும் மரந்தறித்தும் இவர்கள் பிழைத்ததை எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலிற் காணலாம். அரசாங்கம் வேடருக்கு வீடு கட்டி, வயல் நிலம் ஒதுக்கி, கிணறு வெட்டி, தமிழ்ப் பாடசாலைகளையும் அமைத்தது. மட்டக்களப்பில் ஊழியஞ்செய்த ஸ்டொட் ஐயர் முதலியோர் அவர்களிடையே சுவிசேஷம் அறிவித்தனர். பலர் ஞானஸ்நானமும் பெற்றனர். எனினும் குடியிருப்புகள் சில நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அந்த மிஷனரிமாரின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. காய்ச்சலும் காடும் நிறைந்த வழிகளில் அவர்கள் நடந்தார்கள். ஆனால் அவ்வரவேற்பில் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது: காட்டை விடு, கலப்பையைப் பிடி, எங்களைப் போலாகு, பின்பு எங்களோடு அமரலாம். கிருபை என்பது இதற்கு நேர்மாறானது. தகுதி வருமுன்னே கிடைப்பதாற்றான் அதற்குக் கிருபை என்று பெயர். கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும்படி உரோமருக்குப் பவுல் எழுதியதன் கருத்தும் அதுவே. சகேயு திருந்திய பின்பு இயேசு அவன் வீட்டிற்குப் போகவில்லை. அவர் போனதால் அவன் திருந்தினான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோதும், 2006, 2007இல் வாகரை மக்கள் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோதும், மட்டக்களப்பில் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தவை பாயும் சோறும் தண்ணீருமே. பசித்தவனிடம் யார் பிள்ளை என்று விசாரிப்பது எமது ஊர் வழக்கமல்ல.

உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவிகளே, இன்று நம்மிற் பலர் அந்நிய நாட்டுத் தேவாலய வாசல்களில் புதியவர்களாய் நின்றவர்கள். அங்கே ஒருவர் நகர்ந்து தந்த இடத்தின் அருமை நமக்குத் தெரியும். மாங்கேணியிலிருந்து ஒரு வேடப்பெண் பிள்ளை நம் பாடசாலை வாங்கில் வந்தமரும்போது, அவள் பேச்சைத் திருத்துமுன் அவள் பெயரைக் கேட்போமாக. ஓல்ட் ஐயருக்கு இம்மண் கொடுத்த வரவேற்புக்கு அதுவே தக்க கைம்மாறு.