பட்டறிவு: புத்தளம் இறால் பண்ணைகள்
பட்டறிவு என்பது நூலாலன்றி, பட்ட இழப்பால் வந்துசேரும் அறிவாகும்; புத்தளம் மாவட்டக் கரையோர இறால் வளர்ப்பு இதற்கு இலங்கையின் தெளிவான சான்றுகளுள் ஒன்று. 1980களிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சூழப் பெருகிய பண்ணைகள் பல, அக்களப்புகளை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரை எடுத்து, கழிவுநீரையும் அதிலேயே விட்டமையால், ஒருவர் குளத்து நோய் அடுத்தவர் குளத்துக்குத் தடையின்றிச் சென்றது. 1996இல் பரவிய வெண்புள்ளி நோய், அதாவது ஓட்டில் வெண்புள்ளிகளைத் தோற்றுவித்துச் சில நாள்களிலேயே குளத்தை வெறுமையாக்கும் வைரசு நோய், பேரிழப்பை விளைவித்தது. பின்னர் வந்த பயிர் நாட்காட்டி, நோய் பரவுவதைக் குறைக்க வலயந்தோறும் இறால் குஞ்சு விடும் காலத்தை முறைவைத்து வகுக்கும் ஏற்பாடாகும். கால்வாய் ஒன்றே என்பது முன்பே கண்ணுக்குத் தெரிந்திருந்தும், இவ்வொழுங்கு நோய்க்குப் பிறகே பிறந்தது. நோய் முற்றாக ஒழியவில்லை. கைவிடப்பட்ட குளங்கள் களப்போரங்களில் இன்றும் கிடக்கின்றன.