கரும்புச் சக்கையும் செபராங் பிறையும்

மாற்று எரிசக்தி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் சூரியத் தகட்டையும் காற்றாலையையும் எழுதுவர். பினாங்கின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், நம் முன்னோரின் கைபட்ட எரிபொருள் ஒன்று உண்டு. அது கரும்புச் சக்கை.

1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற இந்நிலம் அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்டது. இங்குக் கரும்புத் தொழிலைத் தொடங்கியோர் சீனர்கள். எருமை இழுக்கும் ஆலையில் சாறு பிழிந்து, விறகெரித்துக் காய்ச்சினர். 1840-களில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் நீராவி எந்திரங்களோடு வந்து சேர்ந்தனர்.

சீனி ஆலைக்கு அடங்காத பசி உண்டு. சாற்றிலுள்ள நீரை ஆவியாக்கினால்தான் சீனி கிடைக்கும். அருகிலுள்ள காடு அழிய அழிய விறகு தொலைவிலிருந்து வரவேண்டும். சக்கையோ ஆலை வாசலிலேயே மலையாய்க் குவியும். ஆயினும் பிழிந்த பின்னரும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். பழைய உலைகளில் ஈரச் சக்கை சரிவர எரியாது. வெயிலில் பரப்பி, புரட்டி, மழை வருமுன் வாரிக் கொட்டகையில் சேர்க்க வேண்டும். சக்கையைச் 'செலவில்லா எரிபொருள்' என்பர். யாருக்குச் செலவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒப்பந்தத்தில் கட்டுண்டு, பத்து காவான், கலிடோனியா போன்ற தோட்டங்களில் உழைத்த தமிழரின் வியர்வையும் அந்த உலையில்தானே எரிந்தது!

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கரும்பு மறைந்து இரப்பர் வந்தது, பின்னர் செம்பனை. சக்கையின் இடத்தைச் செம்பனை நாரும் கொட்டை ஓடும் பிடித்தன. இவற்றை எரித்தே எண்ணெய் ஆலைகள் தமக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெறுகின்றன. மிகுதியைத் தேசிய மின்கட்டமைப்புக்கு விற்கட்டும் என்று 2001-இல் அரசு ஒரு திட்டம் வகுத்தது. ஓர் ஆலை அதிகம் 10 மெகாவாட் வரை விற்கலாம். 2005-க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு இவ்வகையில் வரவேண்டும் என்பது இலக்கு. எட்டியதோ அதில் மிகச் சிறு பங்கே. விற்பனை விலை குறைவு. ஆலைகள் பலவும் மின்கம்பிக்கு வெகு தொலைவில், தோட்டங்களின் நடுவே. விலையை முறைப்படுத்தும் தனிச் சட்டம் 2011-இல்தான் வந்தது.