சங்கிலி ரம்பமும் கற்பூர மரமும்

சரித்திரம் எழுதுகிறவர்கள் சிம்மாசனத்தைப் பற்றி எழுதுவார்கள். மடைப்பள்ளியில் எரிந்த விறகைப் பற்றி எழுத மாட்டார்கள். மற்ற ஊர்களுக்கு அது சரியாக இருக்கலாம். நீலகிரிக்குச் சரிப்படாது. அந்த மலையின் கடந்த 200 வருஷத்துக் கதையில் பாதி, அடுப்பிலும் கணப்பிலும் எரிந்து போன கதைதான்.

கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் துரை 1819-ல் மலை ஏறினார். குளிர் அவருக்குப் பிடித்து விட்டது. 1822-ல் உதகமண்டலத்தில் கல்லால் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். மலை ஜனங்கள் அதைக் "கல் பங்களா" என்றார்கள். அவருக்குப் பின்னால் நோயில் மெலிந்த சிப்பாய்களும், உத்தியோகஸ்தர்களும், பட்லர்களும் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். பங்களாவுக்குப் பங்களா, அறைக்கு அறை கணப்பு வேண்டியிருந்தது. அந்தக் கணப்புகளுக்கெல்லாம் இரையானது சோலைக்காடு.

நீலகிரியில் சோலை என்றால் நம் கவிராயர்கள் பாடும் பூஞ்சோலை அல்ல. மலை மடிப்புகளில், ஓடைக் கரைகளில், பாசி படர்ந்து குட்டையாக, இருள் அடைந்து நிற்கும் பழங்காடு அது. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுவது அதன் தொழில். சோலை மரம் மிகவும் மெள்ள வளரும். இன்று வெட்டியதைப் பேரன் காலத்தில்கூடப் பழையபடி பார்க்க முடியாது. துரைமார்கள் இதைக் கண்டு கொள்வதற்குள் ஊட்டியைச் சுற்றியிருந்த சோலைகள் தேய்ந்து விட்டன. விறகு விலை ஏறி விட்டது.

சென்னை ராஜதானியில் காடுகளைக் காக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று 1856-ல் நியமிக்கப்பட்டவர் ஹியூ க்ளெக்ஹார்ன். சென்னையிலேயே பிறந்தவர்; எடின்பரோவில் வைத்தியம் படித்தவர். காட்டைப் பாதுகாக்க ஒரு டாக்டர்! இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு டாக்டர்கள் பின்னால் வருகிறார்கள்.

சோலை போனால் என்ன, சீக்கிரம் வளரும் மரமாகக் கொண்டு வந்து நட்டால் போயிற்று என்று அதற்கு முன்பே சிலர் யோசித்திருந்தார்கள். 1843-ல் காட்டன் என்ற பட்டாளத்து எஞ்சினீயர் ஆஸ்திரேலியாவின் நீலப் பசை மரத்தைக் கொண்டு வந்தார். அதைத்தான் மலை ஜனங்கள் கற்பூர மரம் என்கிறார்கள். கூடவே ஆஸ்திரேலியச் சீகையும் வந்தது. 1863-ல் ஊட்டிக்குப் பக்கத்தில் ஆராம்பியில் சர்க்காரே விறகுத் தோட்டம் போட்டது. விறகுப் பஞ்சம் தீர்ந்தது உண்மை. ஆனால் காலப்போக்கில் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிகள்மேல் அந்த மரங்கள் ஏறி நின்றன. சீகையோ, நடாத இடத்திலும் தானே முளைத்துப் பரவியது. கணப்பை மூட்டப் போய் மலையின் முகத்தையே மாற்றி விட்டார்கள்.

இனிமேல் கோடாலியின் பாடு. கற்பூர மரம் வளர்வதில் எவ்வளவு சாதுவோ, பிளப்பதில் அவ்வளவு முரடு. நார் முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பச்சையாக இருக்கும்போதே பிளந்து விட வேண்டும். காய்ந்து விட்டால் கோடாலி துள்ளித் திரும்பும். ஆகவே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ரம்பம் இழுத்துத் துண்டு போடுவது, அப்புறம் ஆப்பு வைத்துப் பிளப்பது என்று அது தனித் தொழிலாயிற்று. அந்தத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின.

அந்த ரம்பத்துக்குத்தான் யமன் வந்தான். அவன் பிறந்த இடம் காடல்ல, ஆஸ்பத்திரி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து டாக்டர்கள், எலும்பை அறுப்பதற்காகக் கைக்கடக்கமான சங்கிலி ரம்பத்தை உபயோகித்தார்கள். மரத்தின் பக்கம் அது வர ரொம்ப நாளாயிற்று. 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் செய்த மின்சார ரம்பத்தின் எடை 64 கிலோ. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடையும் வண்டுப் புழு ஒன்றைக் கவனித்தார். அது தாடையை இடமும் வலமும் ஆட்டி, நாருக்கு நேராகவும் குறுக்காகவும் சிரமமின்றித் தின்று கொண்டே போயிற்று. அந்தத் தாடையைப் பார்த்துச் சங்கிலிப் பல்லை அமைத்து, அடுத்த வருஷமே கம்பெனி வைத்து விட்டார். இன்றைக்கும் பல்லின் அமைப்பு அந்தப் புழுவினுடையதுதான். 1959-ல் ஷ்டீல் கம்பெனி 12 கிலோவில் ஒரே ஆள் தூக்கும் யந்திரத்தைக் கொண்டு வந்தது.

இப்போது அதன் தாயாதிகள் வந்திருக்கிறார்கள். ஜப்பானிய ஸெனோவா கம்பெனி வகுத்த பழைய அமைப்பை நகல் எடுத்துச் சீனாவில் வார்த்து, பேர் மாற்றிப் பேர் மாற்றி அனுப்புகிறார்கள். அசல் ஜெர்மன் யந்திரத்தின் விலையில் சிறு பங்குதான்.

இந்த நகல் ஒன்றை நான் மசினகுடியில் பார்த்தேன். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வரும் ஊர். மேலே மழை, கீழே முள்காடு. இங்கே பெண்கள் காட்டில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு வந்து காய்ச்சியது அந்தக் காலம். முதுமலை 2007-ல் புலிகள் காப்பகமான பிறகு கெடுபிடி அதிகம். யானை பயம் வேறே. 2016-ல் உஜ்வலா காஸ் அடுப்பு வந்தது. ஆனாலும் வெந்நீருக்கும் விருந்துக்கும் விறகு போகவில்லை. ஆகவே தோட்டத்தில் கழித்த சில்வர் ஓக்கும், மலைமேலிருந்து வரும் கற்பூர மரமும் லாரியில் வந்து வீட்டு வாசலில் இறங்குகின்றன.

ஒரு வாசலில், மடித்துக் கட்டிய லுங்கியும் ரப்பர்ச் செருப்புமாக ஒரு வாலிபன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் முன்னாள் ரம்பக்காரப் பெரியவர் ஒருவர், மற்றொரு சங்கிலியின் பற்களை உருட்டு அரத்தால் எண்ணி எண்ணித் தீட்டிக்கொண்டிருந்தார். பல்லுக்கு மூன்று இழுப்பு. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

"பெரியவரே, உங்கள் பிழைப்பைக் கெடுத்த யந்திரத்துக்கா பல் தீட்டுகிறீர்கள்?" என்றேன்.

"அது அறுக்குமுங்க, பிளக்காதுங்களே!" என்றார் அவர். "முன்னே ஒரு லோடுன்னா ரெண்டு பேருக்கு மூணு நாள் கூலி. இப்போ அறுக்கிறது அந்தத் தம்பிக்கு ஒரு காலை நேரம். பிளக்கிறது எனக்கு ஒரு நாள். மிச்சம் போச்சு."

பிறகு எழுந்து போய் வாலிபனின் கையிலிருந்து யந்திரத்தை வாங்கினார். பட்டையின் நுனி மேல்பாகம் கட்டையில் இடித்தால் யந்திரம் எகிறி முகத்துக்கு வரும். அப்போது முன்புறக் காப்புப் பிடி கையில் பட்டுச் சங்கிலியைச் சட்டென்று நிறுத்த வேண்டும். அசல் யந்திரத்தோடு, சங்கிலி பட்டதும் நாராய்ப் பிரிந்து சக்கரத்தில் சுற்றி நிறுத்தும் காற்சட்டையும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இங்கே அந்தக் காற்சட்டைக்குப் பதில் லுங்கி. பெரியவர் காப்புப் பிடியை முன்னே தள்ளிவிட்டு, சங்கிலியைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது தாராளமாக ஓடிற்று.

"தம்பி, இது நிக்கல்லே. இதைச் சரி பண்ணிட்டு வா. அப்புறம் தீட்டித் தரேன்."

"லாரிக்காரர் திட்டுவார், தாத்தா."

"திட்டட்டும்" என்று சொல்லி, கோடாலியை எடுத்துக்கொண்டு குவியலுக்குப் போனார். பச்சைக் கற்பூர மரத் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, வெடிப்பைப் பார்த்து ஆப்பை நிறுத்தினார்.