மாம்பலம் டிக்கெட்டும் இணையச் சமநிலையும்



இன்று உங்கள் வரலாற்று வாத்தியார் சொல்லப்போவது சமீபத்திய வரலாறு. இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

தாம்பரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிறோம். ரங்கநாதன் தெருவில் எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று ரயில்வே கேட்பதில்லை. தூரத்துக்குத்தான் காசு. ஒரு பெரிய கடை ரயில்வேக்குப் பணம் கட்டி, "எங்கள் கடைக்கு வந்தால் டிக்கெட் இலவசம்" என்றால் நமக்குச் சந்தோஷம்தான். பக்கத்துச் சின்னக் கடைக்காரர் என்ன ஆவார்? இணையத்தில் இந்தப் பாகுபாடு கூடாது என்பதுதான் நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலை.

2014 டிசம்பரில் ஏர்டெல், இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. 2015 மார்ச்சில் டிராய் மக்கள் கருத்தைக் கேட்டது. பத்து லட்சம் மின்னஞ்சல்களுக்கு மேல் குவிந்தன. ஏப்ரலில் 'ஏர்டெல் ஜீரோ' வந்தது: செயலியை நடத்தும் நிறுவனம் பணம் கட்டினால், பயன்படுத்துபவருக்கு டேட்டா செலவில்லை. அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், எதிர்ப்பைப் பார்த்து விலகியது. அதே ஆண்டு ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தது. முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறியது.

டிசம்பரில், அதை ஆதரித்து டிராய்க்கு அனுப்பும் கடிதம் என் கைப்பேசிக்கும் வந்தது. ஏழைகளுக்கு நல்லதுதானே என்று படிக்காமலே 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டேன். கேள்வித்தாளை இரண்டு முறை படி என்று உங்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

சேலையூரில் சிறிய இணையதளம் நடத்தும் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "சார், இலவசப் பட்டியல்ல யார் இருக்கலாம்னு ஒரு கம்பெனி முடிவு பண்ணினா, புதுசா தொடங்குற நான் என்ன பண்றது?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய், தளத்துக்குத் தளம் வேறு டேட்டா கட்டணம் வாங்கத் தடை விதித்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். 2018 ஜூலையில், தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்ற விதிகளை மத்திய அரசு ஏற்றது. அமெரிக்காவோ 2015இல் கொண்டுவந்த இதே போன்ற விதிகளை 2017 டிசம்பரில் நீக்கியிருந்தது.

கேபிளும் டவரும் போட்டது நாங்கள், வீடியோவில் சம்பாதிப்பவர்கள் செலவில் பங்கு தரட்டும் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாதம். அதையும் ஒதுக்கிவிட முடியாது. நாளை மறுபடியும் நம் கருத்தைக் கேட்பார்கள். அப்போது முழுதாகப் படித்துவிட்டு அனுப்புங்கள், பிள்ளைகளே. நான் படிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்