பூட்டுப் பராமரிப்பு: மரமுளையிலிருந்து பின் சிலிண்டர் வரை

பூட்டைத் துப்புரவு செய்தல், மசகிடுதல், தேய்ந்த உறுப்பை மாற்றுதல், சாவி வெட்டுதல், பழைய சாவி செல்லாதபடி உள்ளமைப்பை மாற்றுதல், சிக்கிக்கொண்ட பூட்டைச் சேதமில்லாமல் திறத்தல் ஆகிய வேலைகள் அனைத்தும் சேர்ந்ததே பூட்டுப் பராமரிப்பு. பூட்டின் வரலாறு என்றதும் பூட்டு செய்தவரும் அதை உடைத்த திருடனும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். மூன்றாமவர் ஒருவர் உண்டு: பழுதுபார்ப்பவர். ஒவ்வொரு புதுவகைப் பூட்டும் அவருடைய கருவிகளையும் கைவேலையையும் மாற்றியது. ஒரு பூட்டு பத்து ஆண்டு உழைக்குமா, ஐம்பது ஆண்டு உழைக்குமா என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது.

மரமும் இரும்பும்

மிகப் பழைய பூட்டுக்கான சான்றுகளுள் ஒன்று வடக்கு ஈராக்கின் கொர்சாபாத்தைச் சேர்ந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னர் இரண்டாம் சர்கோன் அங்கே கட்டிய அரண்மனையில் மரப்பூட்டு இருந்ததை 19ஆம் நூற்றாண்டு அகழாய்வு நூல்கள் விவரிக்கின்றன. எகிப்திலும் இதே வகை வழக்கில் இருந்தது. கதவின் குறுக்குக் கட்டையில் துளைகள் இருக்கும். மேலேயுள்ள சட்டத்திலிருந்து முளைகள் அவற்றில் விழுந்து கட்டையை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். முளைகள் பதித்த நீண்ட மரச்சாவியை உள்ளே விட்டுத் தூக்கினால் மேல்முளைகள் எழும்பும், கட்டையை இழுத்துவிடலாம். முளை உடைந்தால் ஊர்த் தச்சரே வேறொன்று செதுக்கிப் போட்டுவிடக்கூடிய அமைப்பு இது.

ரோமானியர் காலத்தில் இரும்பும் வெண்கலமும் வந்தன. சாவி சிறுத்தது, விரலில் மோதிரமாக அணியும் சாவிகள்கூட இருந்தன. பூட்டுக்குள் தடுப்புத் தகடுகளைப் பொருத்தி, அவற்றில் இடிக்காமல் சுழலும்படி சாவியின் பல்லை வெட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் இந்த வகையே பரவலாக இருந்தது. இதில் பெரிய குறை ஒன்று உண்டு. தடுப்புகளில் படக்கூடிய பகுதியை எல்லாம் அராவி எடுத்துவிட்டால், மிஞ்சும் மெலிந்த சாவி பல பூட்டுகளைத் திறந்துவிடும். அந்தச் சாவி பழுதுபார்ப்பவருக்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவு திருடனுக்கும் உதவியது.

ஆகவே நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் முதல் மூலதனம். அது தவறியதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு பிரான்சில் நடந்தது. மன்னர் பதினாறாம் லூயிக்குப் பூட்டு வேலையில் மிகுந்த ஈடுபாடு. அதில் அவருக்குத் துணைநின்றவர் பிரான்சுவா கமேன் என்ற பூட்டுக்கொல்லர். துய்லரி அரண்மனைச் சுவருக்குள் மன்னருக்காக ஒரு இரகசிய இரும்புப் பேழையை அமைத்துக் கொடுத்த அவரே 1792 நவம்பரில் புரட்சி அரசிடம் அதைக் காட்டிக்கொடுத்தார். அதில் கிடைத்த ஆவணங்கள் மன்னர்மீது நடந்த விசாரணையில் அவருக்கு எதிராகப் பயன்பட்டன.

லீவர் வந்த பிறகு

1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் இரட்டைச் செயல் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். லீவர் என்பது ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட மெல்லிய தகடு. சாவி அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டின் நாக்கு நகரும். குறைவாகத் தூக்கினாலும் நகராது, கூடுதலாகத் தூக்கினாலும் நகராது. மெலிந்த கள்ளச்சாவியின் காலம் இதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

1817இல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் நடந்த ஒரு திருட்டு அடுத்த மாற்றத்துக்கு வழிவகுத்தது. உரிய சாவியல்லாமல் வேறெதாலும் திறக்க முடியாத பூட்டைச் செய்பவருக்கு 100 பவுண்டு பரிசு என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. 1818இல் ஜெரிமியா சப் என்பவர் 'டிடெக்டர்' பூட்டைக் கொண்டுவந்தார். யாராவது கள்ளச்சாவியால் துழாவி ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால், அது அப்படியே மாட்டிக்கொள்ளும். பிறகு உரியவரின் சாவியும் பூட்டைத் திறக்காது. தனிச் சாவி ஒன்றைப் போட்டு மீட்டமைத்தால்தான் பூட்டு வழிக்கு வரும்; பின்னர் வந்த வடிவத்தில் உரிய சாவியையே எதிர்த்திசையில் திருப்பினால் போதும் என்றாயிற்று. தன்மேல் கைவைக்கப்பட்டதைச் சொந்தக்காரருக்குத் தெரிவிக்கும் பூட்டு இது. இதைப் பராமரிப்பவர் இப்போது இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது: பூட்டு பழுதா, அல்லது யாராவது முயன்று பார்த்தார்களா?

இந்தப் பெருமைகளுக்கெல்லாம் சோதனை 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது வந்தது. அமெரிக்காவிலிருந்து தம் நிறுவனத்தின் பூட்டைக் காட்சிக்கு வைக்க வந்திருந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பாதுகாப்பறைக் கதவில் இருந்த சப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்தார். அடுத்து, பிரமா நிறுவனம் தன் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாக அறைகூவலாகத் தொங்கவிட்டிருந்த பூட்டை எடுத்துக்கொண்டார். ஜோசப் பிரமா 1784இல் காப்புரிமை பெற்ற வகை அது. 18 நகரும் தகடுகள் கொண்டது. திறப்பவருக்கு 200 கினி பரிசு. ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். அந்தப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூட்டின் குறைகளை வெளியில் பேசலாமா கூடாதா என்ற வாதம் இதையடுத்து எழுந்தது. 1853இல் சார்லஸ் டாம்லின்சன் தொகுத்து வெளியிட்ட பூட்டு அமைப்பு நூல், பேசத்தான் வேண்டும் என்ற பக்கம் நின்றது. திருடர்களுக்கு அந்தக் குறைகள் ஏற்கெனவே தெரியும் என்பது அதன் வாதம். பட்டறைக்குள் மட்டும் புழங்கிய அறிவு அச்சேறியது.

யேலின் சிலிண்டர்

இன்று உலகெங்கும் வீட்டுக் கதவுகளில் இருப்பது பின் சிலிண்டர் பூட்டு. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1840களில் தொடங்கிய வேலையை அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1861, 1865 ஆண்டுக் காப்புரிமைகளில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தட்டைச் சாவி, சிறிய உருளை, அதற்குள் ஸ்பிரிங் அழுத்தும் பின் இணைகள். அடிப்படைக் கருத்து பழைய மரப்பூட்டில் இருந்ததேதான்.

பழுதுபார்ப்பவருக்கு இது பெரிய திருப்பம். பூட்டின் மற்ற பாகங்களைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் கழற்ற முடிந்தது. சாவி தொலைந்தால் கதவில் இருக்கும் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. பின்களை மாற்றிப் புதுச் சாவிக்குப் பொருத்தினால் போதும். அந்த வேலை பார்க்க எளிதாகத் தோன்றும். உள்ளுருளையை வெளியே இழுக்கும்போது அதே தடிமனுள்ள ஒரு தண்டைப் பின்னாலிருந்து கூடவே தள்ளிக்கொண்டு வர வேண்டும். நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் மேற்பின்களும் ஸ்பிரிங்குகளும் துள்ளிச் சிதறிவிடும். பிறகு ஒவ்வொரு குழிக்கும் உரிய நீளமுள்ள பின்னைச் சிறு இடுக்கியால் எடுத்துப் போட்டு, சாவியைச் செருகி, எல்லாப் பின்களின் தலையும் உருளையின் விளிம்போடு சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பின் சற்றே துருத்தினாலும் சாவி திரும்பாது.

ஒரு குழியில் கூடுதலாக ஒரு சிறு பின்னைச் சேர்த்தால் இரண்டு வெவ்வேறு சாவிகள் அதே பூட்டைத் திறக்கும். விடுதிகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் மாஸ்டர் சாவி முறை இதன்மேல்தான் நிற்கிறது. வசதிக்கு விலையும் உண்டு. அத்தகைய கட்டடத்தில் ஒரே ஒரு பூட்டும் அதன் சாவியும் கைவசம் இருந்தால் மாஸ்டர் சாவியின் வடிவத்தைக் கண்டறிந்துவிடலாம் என்பதை 2003இல் மேட் பிளேஸ் என்ற கணினி ஆய்வாளர் விளக்கி எழுதினார். எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற பதிவேடும் பராமரிப்பில் அடங்கும் என்பதற்கு அந்த ஆய்வு வலுவான காரணம்.

வங்கிப் பெட்டகத்தின் கதை வேறு. அமெரிக்காவில் திருடர்கள் பெட்டகத்தை விட்டுவிட்டு, அதைத் திறக்கும் எண் தெரிந்த காசாளரை வீட்டிலேயே மடக்கத் தொடங்கினார்கள். 1876 ஜனவரியில் மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் வங்கிக் கொள்ளை அப்படித்தான் நடந்தது. அதற்கு மருந்து, 1873இலேயே ஜேம்ஸ் சார்ஜன்ட் உருவாக்கியிருந்த நேரப் பூட்டு. குறித்த மணி வரும்வரை எவராலும், எண் தெரிந்தவராலும்கூட, திறக்க முடியாது. உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுபோனால் பெட்டகம் மூடியே கிடக்கும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்களைப் பொருத்தினார்கள். ஒன்று ஓடினாலும் போதும். அவற்றை உரிய இடைவெளியில் கழற்றித் துடைத்து எண்ணெயிடுவது பூட்டுக்காரரின் கடமைகளில் சேர்ந்தது.

இந்தியாவும் திண்டுக்கல்லும்

இந்தியாவில் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் உத்தரப் பிரதேசத்தின் அலிகாரும் தமிழ்நாட்டின் திண்டுக்கல்லும். மும்பையில் 1897இல் அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தயாரிப்பைத் தொடங்கினார்.

திண்டுக்கல் பூட்டு கைவேலை. இரும்புத் தகட்டையும் பட்டையையும் வெட்டி, வளைத்து, தறையடித்து, லீவர்களை அரத்தால் அராவிச் செய்வது. மாங்காய் வடிவப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டும் அவ்வூரின் அடையாளங்கள். கையால் அராவுவதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்துவது அரிது. செய்தவரே பழுதும் பார்க்க முடியும்: தறையை எடுத்து, லீவரைச் சீராக்கி, மறுபடி மூடிவிடலாம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தமிழ்நாட்டுத் தெருவோரச் சாவிக்காரரின் திறமை இதே மரபின் இன்னொரு முகம். சாவி தொலைந்த பீரோவுக்கு அவர் பூட்டைக் கழற்றாமலே சாவி செய்துவிடுவார். வெட்டாத சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்புகிறார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். எந்த இடத்தில் மெல்லிய கீறல் விழுந்திருக்கிறதோ அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. கீறல் விழுவது நின்ற இடத்தில் அராவுவதையும் நிறுத்திவிடுகிறார். கண்ணும் கையும் மட்டுமே அவருடைய அளவுகோல்.

நடைமுறைப் பராமரிப்பு

பூட்டு இறுகிவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கதவை. கதவைத் திறந்துவைத்துச் சாவியைத் திருப்பினால் இலகுவாகச் சுழல்கிறது, மூடினால் மட்டும் சிக்குகிறது என்றால் பூட்டில் குறையில்லை. கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். அல்லது மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும். நிலையில் நாக்கு போய் உட்காரும் தகட்டைச் சற்றே நகர்த்தினால் தீர்ந்தது. இதைப் பார்க்காமல் சாவியை முறுக்கித்தான் பலர் உடைக்கிறார்கள்.

அடுத்தது எண்ணெய். வீடுகளில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். ஊற்றியதும் பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்கும்; நாளாக ஆக அந்த எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகி, பின்களும் லீவர்களும் அசையாமல் போகும். பின் சிலிண்டருக்கு உலர்ந்த கிராஃபைட் தூளோ, உலர்ந்து படியும் மசகுத் தெளிப்போ ஏற்றது. கிராஃபைட்டும் எண்ணெயும் ஒரே பூட்டில் கலந்தால் சேறாகிவிடும் என்பதால் இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். கிராஃபைட் கிடைக்காவிட்டால் சாவியின் இருபுறமும் பென்சிலால் அழுத்தித் தேய்த்து, சில முறை செருகி எடுக்கலாம். பென்சில் முனையும் கிராஃபைட்தான். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும்; அங்கே வெளிக்கதவுக்குப் பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் கொண்ட தொங்குபூட்டு நீடித்து உழைக்கும்.

சாவியும் தேயும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய நகல் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். நகலுக்கு நகல் எடுக்கும்போது பிழை கூடிக்கொண்டே போகும். எண் பூட்டுள்ள பெட்டகத்தில் எண்ணை மாற்றினால், கதவைத் திறந்துவைத்தே பலமுறை சரிபார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

கழற்றிச் சரிசெய்ய வழியே இல்லாத, அச்சில் வார்த்து மூடிய மலிவுப் பூட்டுகள் இன்று சந்தையில் நிறைய இருக்கின்றன. அவை பழுதானால் குப்பைக்குத்தான் போகும். புதுப் பூட்டு வாங்குபவர் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு வாங்கலாம்: இதைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா? வாங்கியதும், கூடவே வரும் சாவிகளில் ஒன்றைப் புழங்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, இனி எடுக்கும் எல்லா நகலையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.